கோரைக்குள்ளிருந்து ஒரு பெயர்

ஏப்ரல் 16, புதன்

காலை பி.பி. 142/88. மூன்று மாத்திரையும் கொடுத்தாயிற்று. இட்லி மாவு பொங்கவில்லை. ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைத்தும் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது. நியூஜெர்சிக்கு ஏப்ரல் வந்தாச்சு என்று அதற்கு யாரும் சொல்லவில்லை போல. தோசையாக வார்த்தேன். இவர் இரண்டு சாப்பிட்டார், இடது கையால்.

ஜனவரி ஒன்பதாம் தேதி இவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கால் ஓரளவு திரும்பிவிட்டது, கைத்தடியோடு நடக்கிறார். வலது கை பாதி. 'ம்', 'நோ' தவிரப் பேச்சு இல்லை. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, இவருக்குச் சொல்ல வரவில்லை.

பேச்சுப் பயிற்சிக்கு வருகிற ஷ்ரேயா நேற்று, "ஆன்ட்டி, கீப் எ லாக். அங்கிள் சொல்ற எவ்ரி வேர்ட்" என்றாள். எனக்குக் கணக்கு எழுதச் சொல்லித்தர வேண்டுமா? கல்யாணமான நாளிலிருந்து எழுதுகிறவள். நீள நோட்டில் புதுப் பக்கம் எடுத்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். தேதி, சொன்ன சொல், எத்தனை தரம். கடைசியில் இன்னொரு பத்தி: 'என் பெயர்'. அதை ஷ்ரேயா கேட்கவில்லை. நானாகப் போட்டுக்கொண்டது.

இன்று: 'ம்' பதினாலு. 'நோ' மூன்று. என் பெயர் 0.

ஏப்ரல் 19, சனி

இவருடைய பைனாகுலர் ஆணியில் தொங்குகிறது. பதினோரு வருஷமாகச் சனிக்கிழமை விடிந்தால் அதை மாட்டிக்கொண்டு ட்ரென்டன் பக்கம் இருக்கிற சதுப்புக்குப் போய்விடுவார், பறவை பார்க்க. நான் கோயிலுக்கு. "வாயேன் ஷ்யாமளா, ஒரு தரம் வந்து பாரேன்" என்பார். "உங்களுக்குச் சேறு, எனக்குப் பெருமாள்" என்பேன்.

ஷ்யாமளா. முழுப் பெயரும். கல்யாணமாகி வந்த மறுநாளே மாமியார் எதிரில் அப்படிக் கூப்பிட்டார். மாமியார் முகம் சுருங்கிப் போயிற்று. எங்கள் பக்கத்தில் ஆம்பளைகள் 'இந்தா', 'ஏய்' என்றுதான் கூப்பிடுவது. முப்பத்தாறு வருஷம் ஒருநாள்கூட இவர் 'ஏய்' சொன்னதில்லை.

நான் இவர் பெயரைச் சொன்னதே கிடையாது. ஷ்ரேயா கேட்டாள், "ஆன்ட்டி, வாட் டு யூ கால் ஹிம்?" 'ஏன்னா' என்றேன். "தட்ஸ் நாட் எ நேம்!" என்று சிரித்தாள். அவள் 'ஜம்பு அங்கிள்' என்று கூப்பிடுகிறாள். எனக்கு உடம்பு கூசுகிறது.

ஏப்ரல் 24, வியாழன்

நிதானமாக எழுதுகிறேன்.

விளக்கேற்றி முடித்து பின்பக்கக் கண்ணாடி சன்ரூமில் இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேலிக்குப் பின்னால் மழைத் தண்ணீர் தேங்குகிற பள்ளம் இருக்கிறதே, அங்கே கோரைக்குள்ளிருந்து ஒரு சத்தம். குதிரைக்குட்டி கனைத்துக்கொண்டே மாடிப்படி இறங்குகிற மாதிரி, மேலே ஆரம்பித்துக் கீழே கீழே போயிற்று.

இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். கண் பெரிசாயிற்று.

"சோரா."

தெளிவாக. 'ம்', 'நோ' தவிர மூன்றரை மாசத்தில் முதல் சொல். "என்னன்னா? என்ன சொன்னேள்?" என்றேன். "சோரா. சோரா." அழுதார். நானும்.

சோரா என்றால் என்ன? தெரியவில்லை. எழுதிக்கொண்டேன்: சோரா, ஐந்து தரம்.

ஏப்ரல் 25, வெள்ளி

அது ஒரு பறவை.

இவர் மேஜை டிராயரில் சின்ன நோட்டு அகப்பட்டது. இங்கிலீஷ். பத்தாவதோடு நின்றவள் நான். லைப்ரரிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகவே இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன். இவர் கையெழுத்துக்கு அது போதவில்லை, எழுத்துக்கூட்டிப் படித்தேன். வருஷா வருஷம் ஒரே வரி: 'சோரா. கேட்டது மட்டும்.' பதினோரு வருஷமும் கேட்டது மட்டும், பார்த்ததில்லை. ஒரு பக்கத்தில்: 'கை தட்டினால் பதில் சொல்லும். ஷ்யாமளாவிடம் சொல்ல வேண்டும்.' இன்னொரு பக்கத்தில்: 'பெயருக்கு அர்த்தம் யாருக்கும் நிச்சயமில்லை. இந்த மண்ணின் பழைய ஜனங்கள் வைத்ததாக இருக்கலாம். வசந்தத்தில் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை, இந்த வழியாகப் போகும். இங்கே தங்குவது அபூர்வம்.'

ஷ்ரேயா தன் போனில் அதன் குரலைப் போட்டாள். இவர் சடக்கென்று திரும்பினார். "ஓ மை காட், அங்கிள்!" என்று அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சந்தோஷம்தான். பகவான் கொடுத்தது. ஆனால் ஒன்று எழுத வேண்டும், பொய் எழுதக்கூடாது. தினமும் ஆயிரம் நாமம் சொல்கிறேன், ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் தெரியும். அர்த்தமே தெரியாத ஒரு பெயர் இவர் வாயில் முதலில் வந்தது. என்னுடையது வரவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு. அமாவாசை

தர்ப்பணத்துக்கு வாத்தியார் போனில் மந்திரம் சொன்னார். இவரால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. வலது கையை நான் பிடித்துக்கொண்டு சாய்க்க, எள்ளும் ஜலமும் பாதி தாம்பாளத்தில், பாதி வேஷ்டியில்.

கோயிலில் பழக்கமான சாரதா மாமியிடம் போனில் சொல்லி அழுதேன். "ஏண்டி அழறே? அவருக்குத் தர்ப்பணம் பண்ண முடியலைன்னா நீ காக்காய்க்கு வை. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள், விடாம வை. பித்ருக்கள் வயிறு குளிர்ந்தா எல்லாம் சரியாகும்" என்றாள்.

ஏப்ரல் 30, புதன்

அட்சய திருதியை. ஆரம்பித்துவிட்டேன். நாள் 1.

வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்று. நாற்பத்தெட்டாவது நாளுக்குள் இவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

பின்பக்க மர டெக்கில் வைக்க முடியாது. எலி வரும் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருதரம் காலனி அசோசியேஷனுக்கே எழுதிவிட்டார். வேலிக்கதவைத் திறந்து பள்ளத்தின் ஓரம் போனால், தண்ணீர் வெளியேறுகிற குழாய்க்குப் பக்கத்தில் தட்டையாக ஒரு கல். அலம்பிவிட்டு அதில் வைத்தேன். நெய், பருப்பு, சாதம். கா கா என்று கூப்பிட்டேன். ஒரு காக்காய் இல்லை. அணில் தின்றது.

மே 8, வியாழன்

நாள் 9. காக்காய் 0. ஒன்பது நாளும் 0. இந்த ஊர்க் காக்காய்க்குத் தமிழ் தெரியாதோ என்று அஞ்சனா போனில் கேலி பண்ணுகிறாள். என் பெண்தான், கலிபோர்னியாவில் இருக்கிறாள், அங்கிருந்து கேலி பண்ண என்ன. "அம்மா, தே டோன்ட் நோ யூ யெட்." காக்காய் தொடவில்லை என்றால் பித்ருக்களுக்குக் கோபம் என்றுதானே?

சோரா மட்டும் போகவில்லை. இந்நேரம் வடக்கே போயிருக்க வேண்டும். காலையும் சாயங்காலமும் கனைக்கிறது. கணக்கில் அதற்கும் ஒரு பத்தி போட்டேன். இன்று பதினொன்று.

மே 12, திங்கள்

நாள் 13. வந்தன! இரண்டு. தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, பருப்பு இருந்த இடமாகப் பார்த்துக் கொத்தின. மாமனாரும் அப்படித்தான், பருப்பு என்றால் உயிர்.

காக்காய் 2. சோரா 10. என் பெயர் 0.

மே 17, சனி

நானும் பார்த்துவிட்டேன்.

போன வாரம் அஞ்சனா வந்திருந்தபோது பைனாகுலரை ஸ்டாண்டில் மாட்டிக் கொடுத்திருந்தாள். இவர் அதில் கண்ணை வைத்தவர் அப்படியே அசையாமல் இருந்தார். அப்புறம் என் தலையைப் பிடித்து அதில் வைத்தார். உள்ளங்கை அளவு. கோழிக்குஞ்சுக்கும் காடைக்கும் நடுவில் ஒன்று. மூக்கு மஞ்சள், மூஞ்சியில் கறுப்பு அப்பின மாதிரி, பச்சைக் கால். ஓர் அடி வைக்கும், வாலைத் தூக்கும். இவ்வளவுதானா! இதற்கா பதினோரு வருஷம்?

"சோரா" என்றார் இவர், ரகசியமாக. ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் முதல் தடவையாக முழுசாகச் சிரித்தார்.

இவர் நோட்டில் இன்றைய தேதி போட்டு, என் இங்கிலீஷில் எழுதி வைத்தேன்: சோரா. பார்த்தது.

அசோசியேஷன் வருஷா வருஷம் கோரையை வெட்ட ஆள் அனுப்பும். இவர் இந்த மாதிரிப் பள்ளங்களுக்குப் பிளான் போட்டே ரிடயர் ஆன இன்ஜினியர். மீட்டிங்கில் எழுந்து சண்டை போட்டு, நாலு வருஷமாக வெட்டவிடாமல் பண்ணினார். இவர் காத்த கோரைக்குள்தான் அது வந்து உட்கார்ந்திருக்கிறது.

மே 20, செவ்வாய்

நாள் 21. இப்போது எல்லாமே சோரா. தண்ணி வேண்டுமா, சோரா. பாத்ரூமா, சோரா. அஞ்சனா போட்டோவைக் காட்டினால் அவளும் சோரா. ஷ்ரேயா சொன்னாள்: "மூளை ஒரு வேர்டைத் தேடும்போது இது முந்திண்டு வருது ஆன்ட்டி. கரெக்ட் பண்ணாதீங்கோ. 'ஷோ மீ'ன்னு கேளுங்கோ." தமிழ் பேசும் நாளில் அவளுக்கு எங்காத்துப் பாஷை ஒட்டிக்கொள்கிறது.

கேட்கிறேன். "காட்டுங்கோன்னா, என்ன வேணும்?" பாதி நேரம் காட்டுகிறார். பாதி நேரம் நான் பத்து சாமானைத் தூக்கித் தூக்கிக் காட்டி, இவர் கோபித்துக்கொண்டு, முடிந்துவிடுகிறது.

காக்காய் 5. சோரா கூவினது 9. இவர் சொன்னது நாற்பதுக்கு மேல், எண்ணுவதை விட்டுவிட்டேன். என் பெயர் 0.

மே 26, திங்கள். அமாவாசை

வடை, பாயசம். இந்த ஊருக்கு இன்றைக்கு மெமோரியல் டே. எல்லாரும் செத்தவர்களை நினைக்கிற நாளில் நமக்கும் அமாவாசை. ஒன்பது காக்காய்! வேலியில் வரிசையாக உட்கார்ந்து என்னைப் பார்த்தன. நான் கதவைத் திறக்கிற சத்தமே போதும், வந்துவிடுகின்றன. கண்ணில் ஜலம் வந்துவிட்டது.

ஜூன் 3, செவ்வாய்

நாள் 35. அதிசயம் நடந்தது.

ஷ்ரேயா வெள்ளைப் பலகையும் காகிதமும் கொடுத்து, சொல்ல வராததை வரையச் சொன்னாள். இவர் இடது கையால் ரொம்ப நேரம் வரைந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி. ஒரு தட்டு. தட்டில் உருண்டை உருண்டையாக ஏழெட்டு. சுற்றிப் புல் மாதிரிக் கோடுகள். மேலே கறுப்பாக ஒரு காக்காய், மூக்கு நீட்டிக்கொண்டு.

ஷ்ரேயா, "இஸ் இட் எ பாஸ்கெட்?" என்றாள். "இல்லைடியம்மா, இது பிண்டம். இது தர்ப்பை. காக்காய் வந்து எடுத்துக்கறது. நான் வேண்டிண்டிருக்கிறதை இவர் வரைஞ்சிருக்கார்!" என்றேன். அவள் இவரிடம், "இஸ் தட் ரைட், அங்கிள்?" என்றாள். இவர், "நோ. நோ. சோரா" என்றார். "எல்லாத்துக்கும் நோதான் இவருக்கு" என்று சிரித்தேன்.

படச்சட்டம் இல்லை, கிளிப் போட்டுப் பூஜை அலமாரியில் பெருமாள் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 6, வெள்ளி

நாள் 38. சாதத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போகும்போது இவர் தடியை நீட்டி மறித்தார். "சோரா! சோரா!" தண்ணியா? இல்லை. பாத்ரூமா? இல்லை. தடி தட்டில் பட்டது. சாதம் தரையெல்லாம். முப்பத்தாறு வருஷத்தில் என் எதிரில் குரலை உயர்த்தாதவர்.

கோபம் வரும், அது வியாதி, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருக்கிறார். வைத்துக்கொள்ளவில்லை. பெருக்கினேன். வேறு சாதம் வடித்து, இவர் தூங்கின பிறகு போய் வைத்தேன். பத்து நாள்தானே பாக்கி.

காக்காய் 11. சோரா 3.

ஜூன் 9, திங்கள்

நாள் 41.

கல்லை அலம்பப் போனேன். கல் மேல் முட்டை ஓடு. காடை முட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு. சந்தன நிறம், பழுப்புப் புள்ளி. உள்ளே இன்னும் ஈரம். பக்கத்தில் நேற்றைய சாதம் நாலு பருக்கை.

கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் ஒரு காக்காய் கோரையிலிருந்து எழும்பி வந்தது, வாயில் இன்னொன்று. என் எதிரிலேயே கல்லில் வைத்து உடைத்தது. நான் வைக்கிற இடத்தில். நான் அலம்பி வைத்த கல்லில்.

பூஜை அலமாரிக்கு ஓடினேன். தட்டு இல்லை அது. கூடு. உருண்டை இல்லை, முட்டை. தர்ப்பை இல்லை, கோரை. ஷ்ரேயா பாஸ்கெட்டா என்று கேட்டாளே. இவர் நோ சொன்னாரே. ரெண்டு தரம் சொன்னாரே!

ஜன்னல் வழியாகத் தினம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் சாதத்தை எடுத்துக்கொண்டு போவதை. அதுகள் வருவதை. தின்றுவிட்டுக் கோரைக்குள் இறங்குவதை. சொல்ல ஒரு சொல் இருந்தது. அதையும் நான் தண்ணியா, பாத்ரூமா என்று—

எழுத முடியவில்லை.

அதே நாள், சாயங்காலம்

கணக்கு நோட்டைப் பிரித்தேன். எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. காக்காய் 0, சோரா 11. காக்காய் 2, சோரா 10. காக்காய் 5, சோரா 9. காக்காய் 11, சோரா 3. இன்று காக்காய் 12, சோரா 0. ஒரு பத்தி ஏற ஏற இன்னொன்று இறங்குகிறது. ஒவ்வொரு நாளும் எழுதினேன். ஒருநாளாவது குறுக்கே படித்தேனா?

ஜூன் 10, செவ்வாய்

சாதம் வைக்கவில்லை. நாற்பத்தொன்றோடு நிறுத்திவிட்டேன். பெருமாளே, கோபித்துக்கொள்ளாதே. இவர்மேல் காட்டிவிடாதே, என்மேல் காட்டு.

சாதம் இல்லை என்றாலும் வருகின்றன. பன்னிரண்டும். கல்லைப் பார்க்கின்றன, என் ஜன்னலைப் பார்க்கின்றன, கோரைக்குள் இறங்குகின்றன. வழி தெரிந்துவிட்டது, இனிமேல் நான் எதற்கு?

எவர்சில்வர்த் தட்டும் கரண்டியும் எடுத்துக்கொண்டு போய்த் தட்டினேன். போ, போ என்று கத்தினேன். இதே தட்டில்தான் நாற்பத்தொரு நாள் வா வா என்று கூப்பிட்டேன். மாமனாரையும் மாமியாரையும் வாசலில் நின்று விரட்டுகிற மாதிரி இருந்தது. பறந்து போய் வேலியில் உட்கார்ந்து, நான் களைக்கட்டும் என்று காத்திருந்தன. களைத்துத்தான் போனேன்.

ஜூன் 11, புதன்

சாரதா மாமி: "பாதியில விடறதாவது! இன்னும் ஏழு நாள் வேற எங்கயாவது வச்சு முடிடி."

அஞ்சனா: "அம்மா, ப்ளீஸ், அழாதே. இட்ஸ் நேச்சர். ரக்கூன் சாப்பிட்டிருக்கும் இல்லேன்னா."

ஷ்ரேயா பறவை ஆட்கள் யாருக்கோ போன் பண்ணிப் பார்த்தாள். கூட்டுக்கிட்டே போகாதீர்கள், போனால் உங்கள் காலடித் தடத்திலேயே ரக்கூன் மாதிரி மிருகங்களும் மோப்பம் பிடித்து வரும், மனுஷாள் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை என்றார்களாம்.

ஒன்றும் இல்லை. சரி.

ஜூன் 12, வியாழன்

இவர் எதிரில் தரையில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "நான்தான்னா. நான்தான் கூப்பிட்டு விட்டேன். நீங்க சொன்னேள், எனக்குப் புரியலை."

என்னைப் பார்த்தார்.

"நோ" என்றார்.

நீ இல்லை என்ற நோவா? மன்னிக்க மாட்டேன் என்ற நோவா? போதும், பேசாதே என்ற நோவா? காட்டுங்கோ என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நோ 1 என்று எழுதினேன். எந்த நோ என்று எழுதப் பத்தி இல்லை.

ஜூன் 16, திங்கள்

நாற்பத்தெட்டாம் நாளாக இருந்திருக்கும்.

இவர் நாற்காலியைத் தானே இழுத்துச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஜன்னல் முதுகுக்குப் பின்னால். பகல் முழுக்க ஒரு சொல் இல்லை. 'சோரா'கூட இல்லை.

காக்காய் தவிர எல்லாப் பத்தியும் 0.

ஜூன் 29, ஞாயிறு

0.

ஜூலை 11, வெள்ளி

0. "ஹீ இஸ் கிரீவிங், ஆன்ட்டி" என்றாள் ஷ்ரேயா. துக்கம். அந்தச் சொல்லுக்கு அகராதி பார்க்கவில்லை. தெரிந்தது.

காக்காய்கள் போகவில்லை. கோரையில் எடுக்க இனி ஒன்றும் இல்லை, ஆனாலும் காலையில் வேலிக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் போகின்றன.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

காக்காய்க்கு எடுத்து வைத்ததை டப்பாவில் போட்டு சாரதா மாமியிடம் கொடுத்தனுப்பினேன். அவள் இருப்பது பிளெயின்ஸ்பரோவில். அவாத்துப் பின்னால் தார் ரோடுதான், கூடும் கிடையாது குளமும் கிடையாது. "பித்ருக்களுக்குப் பார்சலா கட்டி அனுப்பறே? நன்னா இருக்குடி!" என்றாள். வாங்கிக்கொண்டாள். வைத்தாளாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று 'ம்' நாலு. 'காபி' ஒன்று. புதுச் சொல். ஷ்ரேயா குதித்தாள். நானும் சந்தோஷப்பட்டேன். நல்ல டிக்காக்ஷன் போட்டேன்.

நாற்காலியை இன்னும் திருப்பவில்லை.

செப்டம்பர் 6, சனி

இவர் நோட்டை மறுபடி படித்தேன். செப்டம்பரில் தெற்கே போகிறவை ராத்திரியில் பறந்து, பகலில் இந்தப் பக்கம் இறங்கி ஒளிந்திருக்குமாம். கை தட்டினால் பதில் சொல்லும். ஷ்யாமளாவிடம் சொல்ல வேண்டும்.

சொல்லியிருக்கிறார். "கை தட்டினா அது பதில் சொல்றது, நீ வந்து தட்டேன் ஷ்யாமளா." எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. கோயிலில் தளிகை சமைக்க நேரமாச்சு என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு. மஹாளய அமாவாசை

வாத்தியார் போனில் சொல்ல, இவர் வலது கையை நான் பிடித்துக்கொள்ள, இந்தத் தடவை ஜலம் வேஷ்டியில் சிந்தவில்லை. டப்பா சாரதா மாமிக்குப் போயிற்று.

மத்தியானம் பாத்திரம் தேய்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வேலிக்கதவைத் திறந்துகொண்டு பள்ளத்துக்குப் போனேன். கோரை பழுத்துச் சாய ஆரம்பித்திருக்கிறது. கல் அங்கேயே இருக்கிறது, அதன் மேல் ஒன்றும் இல்லை. வேலியில் ஏழு காக்காய். என் கையைப் பார்த்தன. வெறும் கை.

தட்டினேன். கோயிலில் பஜனைக்குத் தட்டுகிற மாதிரித்தான் எனக்குத் தட்டத் தெரியும். மூன்று தரம். காக்காய்கள் எழும்பி மறுபடி உட்கார்ந்தன. கோரைக்குள்ளிருந்து ஒன்றும் இல்லை. இன்னும் மூன்று தரம். காற்று மட்டும். புடவைத் தலைப்பு நனைந்து, சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது. வந்தது பைத்தியக்காரத்தனம் என்று தோன்றிற்று. கடைசியாக ஒரே ஒரு தரம் தட்டினேன்.

"சோரா!"

பின்னாலிருந்து. வீட்டுப் பக்கத்திலிருந்து.

திரும்பினேன். ஜன்னல் திறந்திருந்தது. இவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சோரா" என்றார் மறுபடி. கத்தவில்லை. உள்ளே வா என்று கூப்பிடுகிற குரல்.

செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். "என்னன்னா, என்ன வேணும்? தண்ணியா?" தலையாட்டினார், இல்லை. பாத்ரூமா? இல்லை. பறவையைப் பார்த்தேளா, இருக்கா அங்கே? இல்லை. ஷ்ரேயா சொன்னபடி கேட்டேன். "காட்டுங்கோ."

இடது கையை நீட்டி என் நெற்றியில், பொட்டு இருக்கிற இடத்தில், ஒரு விரலை வைத்தார்.

"சோரா."

"இதோ இருக்கேன்" என்றேன்.

காலைத் துடைத்துக்கொண்டு கணக்கு எழுத உட்கார்ந்தேன். காக்காய் 7. சோரா கூவினது 0. பேனாவை வைத்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். முப்பத்தாறு வருஷத்தில் ஒரு தப்புக் கணக்கு எழுதினது கிடையாது.

என் பெயர்: 1.